கம்பளிக்கு முன்னால் கூரையைப் பாருங்கள்



மார்கழி பிறந்துவிட்டால் நுவரெலியா, கந்தப்பளை, இராகலை, அக்கரப்பத்தனைப் பக்கத்து லயங்களில் குளிரைப் பற்றித்தான் பேச்சு. நுவரெலியா பட்டணம் கடல் மட்டத்துக்கு 6,000 அடிக்கு மேலே இருக்கிறது. தை, மாசியில் வானம் வெளித்திருக்கிற ராத்திரிகளில் உறைபனி விழுந்து கொழுந்து கருகிப் போகும். கொழுந்து கருகினால் கணக்கெடுக்க ஆள் வருகிறது. அதே ராத்திரி லயத்தில் விடிய விடிய இருமின கைக்குழந்தையை எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை.

குளிருக்கு நாம் செய்கிற வைத்தியம் ஒன்றுதான். கம்பளி! அந்தக் காலத்தில் துரைமார் கம்பளி கொடுத்து அதன் விலையைச் செக்ரோலில் பிடித்தார்கள். இப்போது பெரிய மனிதர்கள் மேடை போட்டுக் கம்பளி கொடுத்துப் படம் பிடித்துக்கொள்கிறார்கள். சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போன நம் பெண்பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தால் ஃபேரர் பார்க் ஸ்டேஷனில் இறங்கி, முஸ்தபா கடையில் தடித்த போர்வையாகப் பார்த்து வாங்கிப் பெட்டி கட்டுகிறார்கள். அங்கே வருஷம் முழுக்க வேர்வை. இங்கே அம்மா நடுங்குகிறாளே என்ற நினைப்பில் வாங்குகிற போர்வை அது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். அடுத்த தடவை போர்வைக்கு வைத்திருக்கிற காசை ரொக்கமாக அனுப்புங்கள். சட்டமும் ஆணியும் சாக்கும் வாங்கலாம்.

ஏன் என்று கேட்பீர்கள். கம்பளி சூட்டை உண்டாக்குவதில்லை. நம் உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். மேலே தகரம், கீழே சில்லென்ற சீமெந்து, கதவிடுக்கில் ஊதுகிற காற்று. இந்த மூன்றும் சேர்ந்து சூட்டை இழுத்துக்கொண்டே இருந்தால் இரண்டு கம்பளி போர்த்தினாலும் விடியற்காலையில் பல் கிட்டும்.

முதலில் தகரம். பகல் வெயிலில் கொதிக்கிற அதே தகரம், ராத்திரியில் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு ஐஸ் மாதிரி ஆகிவிடும். நாம் விடுகிற மூச்சிலே இருக்கிற ஈரம் அதிலே பட்டுத் தண்ணீராகிச் சொட்டுகிறது. "மழையே இல்லை, கூரை ஒழுகுதே தலைவரே" என்று கேட்கிறார்களே, அது இதுதான். இதற்குச் சாக்குச் சீலிங்கைப் போல மலிவான மருந்து கிடையாது. அரிசிச் சாக்கு, சீனிச் சாக்குகளைப் பிரித்துத் துவைத்து ஒன்றாகத் தையுங்கள். தகரத்துக்குக் கீழே நாலு விரக்கடை இடைவெளி விட்டுச் சட்டத்தில் இழுத்து ஆணி அடியுங்கள். அந்த இடைவெளியில் நிற்கிற காற்றுதான் நமக்குக் கம்பளி. உரப்பை என்றால் நன்றாய்க் கழுவ வேண்டும். பூச்சி மருந்து வந்த பை வேண்டவே வேண்டாம். அடுப்புக்கு மேலே மட்டும் சாக்கோ பிளாஸ்டிக்கோ வரக்கூடாது, ஒரு பொறி போதும். லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு அந்தக் காம்பராவோடு நிற்குமா? வரிசையே போய்விடும். கண்ணால் பார்த்திருக்கிறோம்.

அடுத்தது தரை. குழந்தைகளும் கிழவிகளும்தான் தரையில் படுக்கிறார்கள். வெறும் பாயைச் சீமெந்தில் போட்டு மேலே மூன்று போர்வை போர்த்துவதைவிட, பாய்க்கு அடியில் கடையிலிருந்து வாங்கி வந்த கார்ட்போர்ட் பெட்டிகளைப் பிரித்து இரண்டு மூன்று அடுக்கு விரியுங்கள். மேலே ஒரு போர்வை போதும். காலையில் பெட்டியை நிமிர்த்திக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பலகைக் கட்டில் போட முடிந்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கதவிடுக்குக்கு நீளமாய் ஒரு பை தைத்து மணலைப் போட்டு உள்பக்கம் வையுங்கள். ஜன்னல் பலகை வெடிப்புக்குக் கோதுமை மாவுப் பசையும் பழைய பேப்பரும் போதும் (இந்தப் பேப்பரைப் படித்து முடித்த பிறகு ஒட்டலாம்!). நீலகிரியில் தோடர்களுடைய பழைய குடிசையைப் பார்த்தால், ஆள் குனிந்து தவழ்ந்து போகிற அளவுக்குத்தான் வாசல். அந்த மலைக்காற்றை அவர்கள் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். 1964 ஒப்பந்தத்தில் கப்பலேறிப் போய் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் குடியேறின நம் சொந்தக்காரர்கள் அந்த மலையிலும் லயத்தில்தான் இருந்தார்கள், இதே காற்றோடு.

ஈரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மழையில் நனைந்த படங்கையும் சேலையையும் காம்பராவுக்குள்ளேயே கொடி கட்டிப் போடுகிறோம். அந்த ஈரம் முழுக்கச் சுவரிலும் படுக்கையிலும் இறங்குகிறது. இஸ்தோப்பில் கொடி கட்டுங்கள். வெயில் முகம் காட்டின நேரத்தில் கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்கள். ராத்திரிக்கு அடைப்பதும் பகலில் திறப்பதும் இரண்டுமே வேண்டும்.

இனி சொல்வதைத் தாய்மார்கள் கவனமாய்க் கேட்க வேண்டும். தணலை அள்ளிச் சட்டியில் போட்டுப் படுக்கைப் பக்கம் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். கரியிலிருந்து வருகிற கார்பன் மொனொக்சைட் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கொடைக்கானலில் குளிருக்காக அறைக்குள் கரியடுப்பை வைத்துக்கொண்டு படுத்த வாலிபர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை. 2024-ல் பேப்பரில் வந்த செய்தி அது. சாக்கால் அடைத்த காம்பராவில் இந்த ஆபத்து இரட்டிப்பு. அடுப்பு எரிகிற இடத்தில் புகை போகிற வழியை ஒருநாளும் அடைக்காதீர்கள். மண் கனமாய்ப் பூசின அடுப்பாக இருந்தால் நெருப்பு அணைந்த பிறகும் வெகுநேரம் சூடு நிற்கும். கரண்டுச் சுருள் அடுப்பையும் நம்பாதீர்கள். லயத்து வயர் ஒரு பல்புக்கும் டி.வி.க்கும் போட்டது.

சரி, இதையெல்லாம் நாமே செய்துகொண்டால் நிர்வாகத்துக்கு என்ன வேலை? சில இளைஞர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். 1992-ல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகள் கைக்குப் போனது. காம்பரா இன்றைக்கும் நம் பேரில் இல்லை. 2017-ல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் 10,000 வீடு என்று அறிவித்துவிட்டுப் போனார். நம் பேர் பட்டியலில் வருகிறவரை குளிர் காத்திருக்காது. ஆகவே என் கணக்கு இப்படி. கழற்றி எடுத்துக்கொண்டு போகக்கூடியது எதுவோ, சாக்கு, சட்டம், பாய், மணல்பை, அது நம் செலவு. சுவரோடு ஒட்டி நிற்பது எதுவோ, தகரம், சுவர் வெடிப்பு, புகைபோக்கி, வயர், அது தோட்டத்தின் செலவு. கடன் பட்டு அடுத்தவன் சுவருக்குச் சீமெந்து பூசாதீர்கள். மண்சரிவு அபாயம் என்று கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எழுதிக் கொடுத்த லயமானால் ஒரு ஆணிகூட அடிக்க வேண்டாம். அங்கே நாம் கேட்க வேண்டியது மாற்றுக் காணி.

தகரம் மாற்றச் சொல்லிப் பிரட்டுக்களத்தில் வாயால் கேட்டால் "பார்க்கலாம்" என்ற பதில்தான் வரும். கடிதமாக எழுதுங்கள். லயத்து இலக்கம், காம்பரா இலக்கம், எத்தனை தகரம் ஓட்டை, வீட்டில் எத்தனை பிள்ளைகள், தேதி. காம்பராவுக்கு ஒரு கடிதம் வேண்டாம், வரிசை முழுக்க ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள். ஐப்பசிக்குள் ஆபீசில் கொடுத்து, வாங்கினவர் கையெழுத்தோடு ஒரு பிரதியைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். மார்கழியில் கொடுத்தால் தகரம் சித்திரையில்தான் வரும். பிரதியைக் கூரை இடுக்கில் சொருகாமல் பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். போன வருஷம் ஒரு டிவிசனில் பேச்சுவார்த்தைக்குப் போகிற நேரம் பார்த்து, கடிதம் முழுக்க நனைந்து கூழாகக் கிடந்தது.