லைட்டர் அணைந்தால் போதாது

"ஸ்டெயின்லஸ் ஸ்டீல்தானே, துரு எங்கே பிடிக்கப்போகிறது?" பதுளை, பண்டாரவளைப் பக்கம் வெல்டிங் பாஸ்மாரும் சொல்வது இது, வேலை கொடுக்கும் தோட்ட நிர்வாகமும் நம்புவது இது. ஒட்டு கசியவில்லை, வெளியே பளபளக்கிறது, காசு கைமாறிவிடுகிறது. பிறகு ஊசித்துளை விழும்போது இரும்பு போலி என்று கடைக்காரனைத் திட்டுவார்கள்.

இந்த உருக்கைக் காப்பது அதிலுள்ள குரோமியம். காற்றிலுள்ள ஒட்சிசன் பட்டதும் சில நானோமீட்டர் தடிப்பில் படலம் கட்டிக்கொள்ளும். ஒட்டும் சூட்டிலோ அதே ஒட்சிசன் படலத்தைத் தடிக்கவைத்து, அடியிலுள்ள குரோமியத்தைத் தின்றுவிடுகிறது. ஒட்டின் ஓரத்தில் தெரியும் நீலமும் கறுப்பும் அழகு அல்ல, இழப்பு. டோர்ச்சிலிருந்து வரும், காற்றைத் தடுக்கும் ஆகன் வாயு வெளிப்பக்கத்தை மட்டுமே மூடும். பால் ஆலைக் குழாயின் உள்பக்கம் கருகிய சீனியைப் போலப் பொருக்குத் தட்டிக் கிடக்கும். பாலும் குளோரின் கலந்த கழுவுநீரும் ஓடுவது அந்தப் பக்கத்தில்தான்.

"உள்ளேயும் ஆகன் விட்டோமே" என்பவர்கள் இருக்கிறார்கள். மறுவாயில் லைட்டரை நீட்டுவார்கள். சுவாலை அணைந்தால் ஒட்சிசன் போய்விட்டதாம்! காற்றில் அது 21 வீதம். 15 வீதமளவுக்குக் குறைந்தாலே சுவாலை அணைந்துவிடும். அப்போதும் பத்து லட்சத்தில் ஒன்றரை லட்சம் பங்கு உள்ளேயே நிற்கிறது. அரிப்பைத் தாங்க வேண்டிய ஒட்டுக்குக் கேட்பதோ 50, மிஞ்சினால் 100 பங்கு. ஒட்சிசன் அளவுக்கேற்ப ஒட்டு மாறும் நிறங்களைக் காட்டும் அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் நிற அட்டை 25,000 பங்கோடு முடிந்துவிடுகிறது. லைட்டர் காட்டும் அளவுக்கு அதில் இடமே இல்லை. ஒட்டுமுன் ஒட்சிசன் மீற்றர் தவிர வேறு சாட்சி கிடையாது.

அசிட் பூசிக் கழுவினால் சரியாகிவிடும் என்பதும் பாதி உண்மைதான். கை எட்டும் இடத்தில் அது நிறத்தையும் குரோமியம் இழந்த தோலையும் எடுக்கும். இரண்டு அங்குலக் குழாய்க்குள் யார் கையை விடுவது?

ஆகன் செலவு என்று சொல்வதிலும் சாரமில்லை. முழுக் குழாயையும் நிரப்பத் தேவையில்லை. ஒட்டின் இருபுறமும் அடைத்து, காற்றைவிடக் கனமான ஆகனைக் கீழிருந்து விட்டு, மேலே வழி வைத்தால் கொஞ்சமே போதும். ஒட்டு ஆறும்வரை நிறுத்தக்கூடாது. தாங்கிக்குள் விட்டால் மட்டும் தலையை நீட்டாதீர்கள், மூச்சு நின்றுவிடும்.

ஹப்புத்தளைத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து சறுக்கும் தகட்டுக்கு இவ்வளவு கெடுபிடி வேண்டாம். அங்கே கேட்பது வீண் செலவு. புத்தல பக்கம் பால் பதனிடும் ஆலைக் குழாய்க்கு வேண்டும். வேலை தொடங்குமுன் மாதிரி ஒட்டு ஒன்று போடச் சொல்லி, நெடுக்காக அறுத்து உள்ளே பாருங்கள். நீலம் தெரிந்தால் அந்த பாஸுக்கு முற்பணம் கொடுக்காதீர்கள்.