பெயர்ப்பலகையும் விளம்பரமும் ஒன்றல்ல

தீவகத்துப் பிரதேச சபைகளுக்கு மீண்டும் உறுப்பினர் வந்து சேர்ந்துள்ளனர். 2023 மார்ச் முதல் மக்கட் பிரதிநிதிகள் எவருமின்றிச் செயலாளர்களின் மேசையிற் கிடந்த வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவுச் சபைகள், 2025 மே 6 ஆம் நாள் நடந்த தேர்தலின் பின் மக்களின் சபைகளாக மீண்டன. புதிய சபைகளின் முன் நிற்கும் வேலைகளுள் குடிநீரும் வீதியும் இறங்குதுறையும் முதன்மையானவை என்பதில் ஐயமில்லை. எனினும், சிறியதென்று ஒதுக்கத்தக்க ஒரு காரியத்தைப் பற்றியே இவ்வாரம் எழுத விழைகின்றோம். கடை வாயிலில் தொங்கும் பலகையே அக்காரியம்.

பலகையில் என்ன இருக்கிறது என்று கேட்போர் உண்டு. வருமானம் தேடும் எந்த உள்ளூராட்சி மன்றமும் முதலில் நிமிர்ந்து பார்ப்பது அப்பலகையைத்தான் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பாராக. சோலைவரியை உயர்த்தினால் ஊர் முழுவதும் சினக்கும். சந்தைக் குத்தகையை உயர்த்தினால் வியாபாரிகள் கூடி வருவர். பலகைக்குக் கட்டணம் விதித்தாலோ, தனித்தனியே நிற்கும் சிறு கடைக்காரன் முணுமுணுத்துக்கொண்டே கட்டிவிடுவான். தெருவிலிருந்து காணத்தக்க விளம்பரங்களை ஒழுங்கு செய்வதும் அவற்றுக்குக் கட்டணம் அறவிடுவதும் உள்ளாட்சி மன்றங்களின் பழைய உரிமை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் உபவிதி ஆக்கும் அதிகாரத்தைச் சபைகளுக்குக் கொடுத்திருக்கின்றது. அந்த அதிகாரத்தை நாம் குறை கூறவில்லை. அதனைக் கையாளும் உபவிதியில் ‘விளம்பரம்’ என்னும் சொல்லுக்கு என்ன பொருள் எழுதப்படுகின்றது என்பதே எமது கேள்வி.

‘எழுத்து, படம், குறி, ஒளி ஆகியவற்றுள் எதனாலேனும் பொதுமக்களின் கவனத்தை ஈர்க்கும் எதுவும் விளம்பரமாம்’ என்று ஒரு வரி எழுதிவிட்டால், எழுதியவருக்கு வேலை மிச்சம்; ஊருக்கோ தொல்லை பெருகும். அவ்வரியின்படி வேலணைத் தோட்டக்காரர் தம் படலையில் ‘புகையிலைக் கன்று கிடைக்கும்’ என்று சுண்ணாம்பால் எழுதி வைத்த தகரத் துண்டும் விளம்பரம். புங்குடுதீவில் ‘ஒடியல், பனங்கட்டி உண்டு’ என்று கதவிற் கட்டிய அட்டையும் விளம்பரம். வைத்தியர் தம் பெயரையும் நோயாளரைப் பார்க்கும் நேரத்தையும் எழுதிய சிறு பலகையும், சட்டத்தரணியின் பித்தளைத் தகடும் விளம்பரம். நாற்சந்தியில் இருபதடி உயரத்தில் நிற்கும் கைத்தொலைபேசிக் கம்பனியின் பெரும்பலகையும் அதே சொல்லுக்குள் அடங்கும். யானையையும் ஆட்டையும் ‘நாற்கால் உயிர்’ என்று ஒரே பட்டியில் அடைக்கும் சட்டம் ஆட்டுக்குத்தான் ஆபத்து.

சட்டத்தின் சொல் விரிந்திருக்குமிடத்து அதிகாரியின் விருப்பமே சட்டமாகிவிடும். எதற்குக் கட்டணம், எதற்கு விலக்கு என்பதை நூலிற் காண இயலாத வியாபாரி, அதிகாரியின் முகத்திலே காண முயல்வான். அங்கேதான் சலுகையும் கையூட்டும் பிறக்கின்றன.

இவ்விடத்தில் தீவகத்தார் வெளிநாட்டு நூல் எதனையும் புரட்டத் தேவையில்லை. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலே ஒரு கல்வெட்டு உண்டு. பொலனறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் கட்டளை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963 இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து தங்கலாம், அவர்களுக்குக் காவல் உண்டு என்று அக்கட்டளை கூறுகின்றது. அதன் பின் வருவதே நாம் கூர்ந்து நோக்கவேண்டிய பகுதி. யானையும் குதிரையும் கொண்டு வரும் கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனின் பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. ஏனைய வாணிபச் சரக்குக் கொண்டு வரும் கலம் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு. கலம் இருவகை, வகைக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஓர் அளவு. துறை அதிகாரி தன் மனம்போன போக்கிற் பங்கு கேட்க அதிலே இடமில்லை. அரசனுக்கு வேண்டியவை யானையும் குதிரையும்; ஆதலின் அவற்றைக் கொண்டு வருவோனுக்குச் சலுகை என்ற நோக்கமும் மறைக்கப்படாமல் வெளிப்பட நிற்கின்றது.

இன்னுமொன்று: அக்கட்டளை தமிழிலே பொறிக்கப்பட்டது. பொலனறுவை மன்னனுக்குத் தமிழ்மேல் இருந்த காதலால் அவ்வாறு செய்தான் என்று நாம் சொல்ல வரவில்லை. யாருக்காகக் கட்டளையோ அவர் படிக்கும் மொழியில் அது இருக்கவேண்டும் என்ற ஆட்சியறிவு அவனுக்கு இருந்தது. எண்ணூறு ஆண்டு கழித்து இந்நாட்டை ஆண்டவர்களிடம் அந்த அறிவு இருக்கவில்லை.

1956 இல் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. 1958 ஆம் ஆண்டின் முற்பகுதியில் சிங்கள ‘ஸ்ரீ’ இலக்கத் தகடு பூட்டிய பஸ்கள் வடக்கே அனுப்பப்பட்டபோது, இங்கே அவ்வெழுத்தைத் தமிழ்த் தொண்டர் தாரால் அழித்தனர். தெற்கே தமிழ்ப் பெயர் தாங்கிய கடைப்பலகைகள் மீது தார் பூசப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 9 ஆம் நாள் பண்டாரநாயக்கா-செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் நாடெங்கும் தமிழர் இரத்தம் சிந்தினர். பலகையில் என்ன இருக்கிறது என்று கேட்போருக்கு அவ்வாண்டின் வரலாறே விடை. கடைக்காரனின் பெயர் எந்த எழுத்தில் இருந்தது என்பதற்காகவே அவன் கடை அடையாளம் காணப்பட்டது.

இன்று நிலைமை வேறு. 1987 இல் வந்த பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988 இல் வந்த பதினாறாவது திருத்தம் வடக்குக் கிழக்கில் தமிழை நிருவாக மொழியாக்கியது. அரசியலமைப்பின் 23 ஆம் உறுப்புரையின்படி, உள்ளூராட்சி மன்றம் ஆக்கும் உபவிதி அம்மன்றத்தின் நிருவாக மொழியில், ஆங்கில மொழிபெயர்ப்புடன் பிரசுரிக்கப்படவேண்டும். ஆகவே தீவகச் சபைகளின் உபவிதிக்கு மூலம் தமிழே. எங்கோ ஆங்கிலத்தில் எழுதிய மாதிரி விதியை எடுத்து, தலையும் காலும் விளங்காத தமிழாக்கி, சபையில் வாசிக்காமலே கையுயர்த்தி நிறைவேற்றும் வழக்கம் எங்கேனும் இருப்பின் அது இங்கே புகாதிருக்கட்டும். தமிழிலே சிந்தித்து, தமிழிலே வரையறுத்து எழுதுவதற்கு வேண்டிய சட்டத்தரணிகளும் பொறியியலாளரும் ஆசிரியரும் தீவகத்தில் பிறந்தோருள் நிரம்ப உள்ளனர்.

வரையறை எப்படி இருக்கலாம்? பிரேசில் நாட்டின் சாவோ பாவுலோ நகரம் 2006 இல் ஒரு சட்டம் செய்து, 2007 தொடக்கத்திலிருந்து நடைமுறைப்படுத்தியது. ஓர் இடத்தில் நடக்கும் தொழில் இன்னதென்று அவ்விடத்திலேயே அறிவிக்கும் பலகை வேறு, வேறிடத்துப் பொருளைப் புகழும் விளம்பரம் வேறு என்று அச்சட்டம் முதலிற் பிரித்தது. பின்னதை நகரிலிருந்து அகற்றியது. முன்னதற்கு முகப்பின் அகலத்தைக் கொண்டு அளவு கட்டியது: பத்து மீற்றருக்குட்பட்ட முகப்புக்கு ஒன்றரைச் சதுர மீற்றர், அதற்கு மேற்பட்டு நூறு மீற்றர் வரையான முகப்புக்கு நான்கு சதுர மீற்றர். கோடிக்கணக்கானோர் வாழும் அம்மாநகரின் தடையை அப்படியே நெடுந்தீவுக்குக் கொண்டுவரச் சொல்ல நாம் பித்தரல்லர். பிரித்த முறையைத்தான் சுட்டுகின்றோம்.

தன் வாயிலில் தன் பெயரையும் தொழிலையும் நேரத்தையும் எழுதும் பலகை பெயர்ப்பலகை. முகப்பின் அகலத்துக்கேற்ற ஓர் அளவு வரை அதற்குக் கட்டணமும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம். தன் நிலத்தில் விளைந்ததை, தன் மனையிற் செய்ததை, தன் படலையில் அறிவிப்பவனுக்கு அது பிறப்புரிமை. பிறர் செய்த பண்டத்தின் பெயரையோ பிறிதோரிடத்துக் கம்பனியின் பெயரையோ தாங்கி நிற்பது விளம்பரம். அதற்கு அனுமதி வேண்டும், கட்டணமும் வேண்டும்.

இரண்டும் கலந்த பலகைதான் சிக்கலானது. இன்று தீவக வீதிகளில் மலிந்திருப்பதும் அதுவே. குளிர்பானக் கம்பனியோ கைத்தொலைபேசிக் கம்பனியோ கடைக்காரருக்கு இலவசமாகப் பலகை அடித்துக் கொடுக்கின்றது. நாலில் மூன்று பங்கில் கம்பனியின் நிறமும் சின்னமும்; மூலையிலே, எறும்பூர்ந்தாற்போன்ற எழுத்தில், ‘அம்பிகை ஸ்டோர்ஸ்’. தகப்பன் பெயரில் முப்பதாண்டு நடந்த கடை, இலவசத் தகரத்துக்காகத் தன் பெயரைக் கால்மாட்டில் எழுதிக்கொள்கின்றது. இத்தகைய பலகைக்குக் கட்டணம் கேட்டுச் சபையின் கடிதம் யாருக்குப் போகும்? கொழும்பிலுள்ள கம்பனிக்கா? கடைக்காரருக்கா? விதியில் தெளிவில்லையேல் அருகில் இருப்பவருக்கே போகும். ஆதலால், கலப்புப் பலகையிற் கம்பனியின் பெயரும் சின்னமும் கொண்ட பரப்பை அளந்து, அப்பரப்புக்குரிய கட்டணத்தைக் கம்பனியிடமே அறவிட வேண்டும் என்று உபவிதி வெளிப்படையாகச் சொல்லவேண்டும். பெரிய பலகைக்குப் பெரிய கட்டணம் என்று வந்தால், கம்பனிகள் தாமாகவே பலகையைச் சுருக்கிக்கொள்ளும். கடைக்காரரின் பெயருக்கும் சற்று இடம் கிடைக்கும்.

இனி, மொழி. நயினாதீவுக்கு நாகவிகாரையைத் தரிசிக்கத் தெற்கிலிருந்து பெருந்தொகையான யாத்திரிகர் வருகின்றனர். குறிகட்டுவான் இறங்குதுறையில் வள்ளத்துக்குக் காத்து நிற்கும் அவர்களுக்கு இளநீரும் பனம்பண்டமும் விற்கும் எம்மவர், சிங்களத்திலும் பலகை எழுதி வைக்கின்றனர். இதனை இனத்துரோகம் என்று கூவுவோர் வியாபாரம் அறியாதவர். பராக்கிரமபாகுவின் கல்வெட்டையும் அறியாதவர். வாங்க வருவோன் படிக்கும் மொழியில் விற்போன் எழுதுவது குற்றமன்று. ஆனால், தமிழை முற்றாக விடுத்துச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் எழுதும் பலகை வேறு கதை. அதே துறையில் அன்றாடம் இறங்கி ஏறும் நெடுந்தீவுக் கிழவியும் அக்கடையின் வாடிக்கையாளரே. அவருக்கு அவர் ஊரிலேயே கடையின் பெயர் தெரியாமற் போவது எவ்வகையில் நியாயம்?

தமிழுக்கு இடம் கட்டாயம் என்றால் எவ்வளவு இடம்? கனடாவின் கியூபெக் மாகாணம் இக்கேள்வியோடு பல்லாண்டு மல்லாடியது. வெளிப்புற வணிகப் பலகைகள் பிரெஞ்சு மொழியில் மட்டுமே இருக்கவேண்டும் என்று அங்கு 1977 இல் சட்டம் வந்தது. வேற்றுமொழியை அறவே தடுப்பது பேச்சுரிமைக்கு மாறு என்று 1988 டிசம்பரில் கனடிய உயர் நீதிமன்றம் தீர்த்தது. அதன் பின்னும் இழுபறி நீடித்து, 1993 இல் வேற்றுமொழியும் இருக்கலாம், பிரெஞ்சு தெளிவாக மேலோங்கி நிற்கவேண்டும் என்று திருத்தம் செய்யப்பட்டது. ‘மேலோங்கி’ என்பதற்கும் அளவு வைத்தனர்: பிரெஞ்சு எழுத்துக்கு இருமடங்கு இடம். தமிழகத்தில் கடைகள், நிறுவனங்கள் பற்றிய விதிகள் தமிழுக்கு ஐந்து, ஆங்கிலத்துக்கு மூன்று, பிறமொழிக்கு இரண்டு என்று பங்கு வகுத்துள்ளன. அவ்விதியின் பயனைச் சென்னைக் கடைத்தெருவில் ஒருமுறை நடந்து வருவோர் தாமே அளந்து கொள்வர். விதி எழுதுவது எளிது. அதனைக் கேட்டு நிற்க ஆள் வேண்டும்.

தமிழ் முதலிடத்தில், ஏனைய எழுத்தெதனிலும் சிறியதாகாமல் இருக்கவேண்டும் என்ற ஒரு வரி தீவகத்துக்குப் போதும் என்பது எமது கருத்து. அதற்கு மேல் சிங்களமோ ஆங்கிலமோ எழுதுவதும் எழுதாததும் வியாபாரியின் விருப்பம். மீறினால் எழுத்து மூலம் அறிவித்தலும் தவணையும் கொடுக்கவேண்டும். இரவில் தாரும் தூரிகையும் கொண்டு எவரும் சட்டத்தை நிறைவேற்றப் புறப்பட வேண்டியதில்லை. அது எந்த மொழியின் பெயரால் நடந்தாலும் காடைத்தனமே. இங்கே இன்னொரு சிறு செய்தி: ஒல்லாந்தர் இத்தீவுகளுக்கு லெய்டன், ஹார்லெம், மிடில்பேர்க் என்று தம் நாட்டு ஊர்ப்பெயர்களைச் சூட்டினர். ‘டெல்ப்ட்’ ஒன்றே ஆங்கிலப் பலகைகளில் இன்றும் பிழைத்திருக்கின்றது. ஏனையவற்றை மக்கள் வாயே அழித்துவிட்டது.

காற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் தகரப் பலகை எத்துணைப் பொல்லாத ஆயுதமாகும் என்பதைத் தீவாருக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. உப்புக்காற்றில் ஆணியும் சட்டமும் விரைவிற் கறள் ஏறி இற்றுவிடும். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் வீதி நடுவே கட்டியிருந்த பதாகை ஒன்று சரிந்து, ஸ்கூட்டரிற் சென்ற இளம்பெண் வீழ்ந்து, பின்னால் வந்த வாகனத்தில் அகப்பட்டு உயிரிழந்தார். அங்கே நீதிமன்றம் பலமுறை எச்சரித்த பின்பும் நடந்தது அது. வீதிக்கு மேலாக நீளும் பலகைக்கு உயரமும் உறுதியும் ஆண்டுச் சோதனையும் விதிக்கப்படவேண்டும். பனையில் ஆணி அறைந்து பலகை மாட்டுவது முற்றாகத் தடுக்கப்படவேண்டும்.

வணிகருக்கு மட்டுமே விதி என்றால் அது நீதியாகாது. மாதக்கணக்கில் வெயிலில் வெளிறித் தொங்கும் கண்ணீர் அஞ்சலிப் பதாகை, பிறந்தநாள் வாழ்த்து, ஒரு குழாய்க்கிணறு தோண்டிக் கொடுத்துவிட்டு அதனினும் பெரிய கல்லிற் பெயர் பொறித்த கொடையாளரின் கைங்கரியம், தேர்தல் முடிந்தும் இறங்காத வேட்பாளர் முகம் ஆகிய யாவும் வீதியைத்தான் மறைக்கின்றன. எக்கட்சியின் பதாகையாயினும் கட்டிய நாளும் கழற்றும் நாளும் அதன் மூலையில் எழுதப்பட்டிருக்கவேண்டும். சபை உறுப்பினர் தம் கட்சிப் பதாகையை முதலிற் கழற்றிவிட்டுக் கடைக்காரரிடம் போகட்டும்.

உபவிதி அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் வெளிவந்த பின்னரே வலுப்பெறும். அதற்கு முன், வரைவு தமிழிலே அச்சாகிச் சபை வாயிலிலும் குறிகட்டுவான் துறையிலும் ஊர்காவற்றுறைச் சந்தையிலும் ஒட்டப்பட்டு, மக்கள் கருத்துக் கூற ஒரு மாதமாவது கொடுக்கப்படவேண்டும். மூன்று சபைகளும் ஒரே வரையறையைக் கைக்கொள்வது நன்று. வேலணையில் பெயர்ப்பலகையாயிருந்தது ஊர்காவற்றுறை எல்லையில் விளம்பரமாக மாறுதல் ஆகாது. பெருந்தெருக்களின் ஓரம் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் ஆளுகைக்குட்பட்டதாகையால், அங்கே எந்தப் பலகைக்கு யாரிடம் அனுமதி பெறுவது என்பதையும் அதே வரைவில் எழுதிவிடவேண்டும். கடைக்காரர் ஒரே தகரத்துக்காக இரண்டு கந்தோர்ப் படி ஏறுவதை இன்றே தவிர்க்கலாம்.