முதல் நாள் முழங்காலுக்கு

போன ஜூனில் லண்டனில் இறங்கிய அன்றைக்கு எங்கள் கையில் பதினோரு இடங்கள் இருந்தன. கல்லூரியில் படிக்கும் என் மகன் கைப்பேசியில் மணிவாரியாகக் குறித்து வைத்திருந்தான். டவர் கோட்டையில் கோகினூர் ஒன்றரை மணி நேரம், ராட்சதச் சக்கரம் முக்கால் மணி, சாப்பாடு இருபது நிமிடம். கழிப்பறைக்கு நேரமே ஒதுக்கவில்லை. என் மாமியாருக்கு வயது 72, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அதுவும் பட்டியலில் இல்லை.

அறை மதியத்துக்கு மேல்தான் கிடைக்கும் என்றார்கள். பெட்டிகளைப் போட்டுவிட்டு சுரங்க ரயிலில் கிளம்பினோம். மாற வேண்டிய ஸ்டேஷனில் லிஃப்ட் இல்லை. 1863-ல் ஓடத் தொடங்கிய ரயில். அந்தக் காலத்தில் மூட்டுவலியை யார் நினைத்தார்கள்? 272 ஸ்டேஷன்களில் படி ஏறாமல் போகக்கூடியவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். இதெல்லாம் பிறகு படித்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், அத்தை பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார் என்பது மட்டும்தான்.

“ஏம்மா, நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க. நான் இப்படியே இருக்கேன்” என்றார். கோபமில்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் தேவலை.

கைத்தாங்கலாக மேலே கூட்டி வந்தோம். வாசலில் 15-ஆம் எண் சிவப்பு பஸ் வந்தது. லண்டன் பஸ்ஸில் 2014 முதல் ரொக்கம் வாங்குவதில்லை; கார்டைத் தட்டினால் போதும். நாங்கள் போனபோது தலைக்கு 1.75 பவுண்டு, ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதே காசு. தாழ்தள பஸ் என்பதால் அத்தை யார் கையையும் பிடிக்காமல் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். டவர் கோட்டை போயிற்று, செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடம் போயிற்று, பத்திரிகைகளுக்குப் பேர்போன ஃப்ளீட் தெரு போயிற்று. டிரஃபால்கர் சதுக்கத்தில் இறங்கினால் தூரத்தில் பிக் பென் மணிக்கூண்டு. மகன் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு பட்டியலில் ‘டிக்’ போட்டான். அவன் கணக்கில் அது சேருமா என்று நான் கேட்கவில்லை.

பக்கத்திலேயே செயின்ட் ஜேம்ஸ் பூங்கா. ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்தோம். அங்கே கூழைக்கடாக்கள் இருக்கின்றன. 1664-ல் ரஷ்யத் தூதர் அரசருக்குப் பரிசாகக் கொடுத்ததிலிருந்து அங்கே கூழைக்கடா வளர்க்கிறார்களாம். அத்தை பிறந்து வளர்ந்தது மதுராந்தகம். “கூழைக்கடா பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? நம்ம வேடந்தாங்கல்ல இல்லாததா?” என்று சிரித்தார். சிரித்த பிறகு உற்றுப் பார்த்தார். “இது வேற ஜாதி. நம்மூர்ல சாம்பல் நிறம், அலகுல புள்ளி இருக்கும். இது வெள்ளை வெளேர்னு இருக்கு” என்றார். சரிதான், இரண்டும் வேறு வேறு இனம். நாற்பது வருஷம் அவரோடு ஒரே வீட்டில் இருந்த என் கணவருக்கே தன் அம்மாவுக்குப் பறவை தெரியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாலை ஆறு மணிக்கு மகன் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தான். கோடையில் நமக்கும் லண்டனுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். அவன் உடம்புக்கு அப்போது இரவு பத்தரை. முந்தைய ராத்திரி விமானத்தில் கண்ணை மூடவே இல்லை. அந்தக் கண்ணோடு கோகினூரைப் பார்த்தால் கண்ணாடிக் கல்லுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் தெரிந்திருக்கும்? டவருக்குள் போக ஒருவருக்கு முப்பது பவுண்டுக்கு மேல் என்பது வேறு.

“இத்தனை லட்சம் செலவு பண்ணிப் போய் பெஞ்சில் உட்கார்ந்துட்டு வந்தீங்களா?” என்று ஊரில் கேட்கிறார்கள். விசா, டிக்கெட் என்று எண்ணி எண்ணிச் சேர்த்த பணம்தான், அந்தக் கேள்வி எனக்கும் சுடுகிறது. ஆனால் காசை ஈடுகட்டுகிறேன் என்று முதல் நாளே ஓடினால், மறுநாள் யாராவது ஒருவர் அறையில் படுத்துவிடுகிறார். கூட ஒருவர் துணைக்கு உட்கார வேண்டியிருக்கிறது. அது எந்தக் கணக்கில் வரும்? சுற்றுலா நடத்துபவர்கள் விமான நிலையத்திலிருந்தே நேராக நகர்வலம் என்று விளம்பரம் செய்வதை நிறுத்தட்டும். அவர்களை மட்டும் சொல்லி என்ன? முதல் நாள் காலியாக இருந்தால் “அன்னைக்கு ஒண்ணுமே இல்லையா?” என்று பேரம் பேசுவது நாம்தான். வீட்டில் யார் மெதுவாக நடக்கிறாரோ, முதல் நாள் திட்டத்தை அவரிடம் கேட்டுப் போடுங்கள்.

அன்று இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் போகவில்லை. “இந்த ஊர்ல விளக்கு வைக்கிற நேரம் எப்பத்தான் வரும்?” என்று ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த அத்தை, இருட்டுவதற்குள் தூங்கிப்போனார். காலையில் தங்கைக்குப் போன் போட்டார். “பெரிய மணிக்கூண்டா? ம், பார்த்தோம், பார்த்தோம். அதை விடுடி. இங்க கூழைக்கடாவுக்கு ஆள் வச்சு மீன் போடுறாங்க!”