பேச்சுக்கு 27 மார்க்!

ஒருத்தர்கிட்டே போய் நிற்பது, முகம் பார்ப்பது, எவ்வளவு தள்ளி நிற்பது, எப்போது குறுக்கே விழக்கூடாது, எவ்வளவு நேரம் இழுக்கலாம், கடைசியில் ‘வரேங்க’ சொல்லி எப்படிக் கழன்றுகொள்வது... நாம் சும்மா பேசுகிற பேச்சை இப்படி 27 திறமைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மார்க் போடுகிறார்கள் சார்!

ஆக்குபேஷனல் தெரபியில் இதற்குப் பெயர் ‘இவால்யுவேஷன் ஆஃப் சோஷியல் இன்ட்ராக்‌ஷன்’. ஆன் ஃபிஷர், லூ கிரிஸ்வோல்ட் என்ற இரண்டு அமெரிக்கப் பெண்மணிகள் உருவாக்கியது. ஆட்டிசம் உள்ள பிள்ளையோ, பக்கவாதம் வந்த பெரியவரோ, நாலு பேரோடு பழகுவதில் எங்கே இடறுகிறார் என்று பார்ப்பதற்கு.

பி.காம். புத்தி, மார்க்கைக் கண்டதும் டோட்டல் போடச் சொன்னது. ஆனா விஷயம் டோட்டல்ல இல்லை. எங்கே வைத்துப் பார்க்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ரூமில் உட்காரவைத்து, ‘உன் பேரென்ன தம்பி?’ கிடையாது. வழக்கமாகப் பழகுகிற ஆளோடு, நிஜமாகவே ஒரு காரியத்துக்காகப் பேசும்போது பார்க்கணும். ஒரே தடவை பார்த்து முடிவு கட்டவும் கூடாது.

எங்க கிள்ளைப் பையன் ஒருத்தனை பஸ் ஏற்றிச் சிதம்பரம் கொண்டுபோய் டாக்டர் முன்னால் நிறுத்துங்கள். வாயில் கொழுக்கட்டை! அவனே மீன்கார ஆயாவிடம், ‘நேத்து இதைவிடப் பெரிசா குடுத்தியே’ன்னு மல்லுக்கு நிற்பான். சீட்டில் ‘பேசமாட்டான்’ என்று எழுதிவிட்டால், நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் பையனுக்கு முன்னால் அந்த ஒரு வார்த்தைதான் போய் நிற்கும்.

தலைகீழாகவும் நடக்கும். ரூமில் தெரபிஸ்ட் பொறுமையாகக் காத்திருந்து, பாதிப் பேச்சை அவரே பேசிவிடுவார். கிரவுண்டில் மற்ற பசங்க காத்திருப்பாங்களா?

27-ல் ‘நன்றி சொல்வது’ம் ஒன்று. நம்ம வீட்டில் சோறு போட்ட அம்மாவுக்கு தாங்க்ஸ் சொன்னால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள், ஜுரமோ என்று! பெரியவர் கண்டிக்கும்போது கண்ணை நேராகப் பார்த்தால், ‘என்னடா முறைக்கிறே?’ முடசல்ஓடை மீன் ஏலத்தில் அடுத்தவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தால் இறால் போயே போச்சு. அதனால்தான் அந்தந்த இடத்துக்கு எது முறையோ, அதை வைத்தே மார்க் போடணும் என்பது இதில் விதி. அமெரிக்க அளவுகோல்தான், ஆனாலும் நம்ம ஏலத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள், பரவாயில்லை.

பிள்ளையைக் காட்டப் போகிறவர்கள் தைரியமாகக் கேளுங்கள்: ‘எங்கே வெச்சுப் பார்த்தீங்க, யார்கூடப் பேசும்போது பார்த்தீங்க?’ வீட்டில் யாரிடம் வாய் திறக்கிறான் என்று அவர்கள் கேட்டால், அந்த மீன்கார ஆயாவையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.