இருபதுக்கு எத்தனை?



இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு தாய் மதரஸாவுக்கு வந்து முறையிட்டார். "ஹஜ்ரத், பையன் ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் அக்காவுடைய லேப்டாப்பும் கையுமா இருக்கான். கேட்டா பந்து விளையாட்டுங்கிறான். எட்டிப் பார்த்தா பந்தையே காணோம், வெறும் நம்பரா இருக்கு. நீங்கதான் கண்டிக்கணும்" என்றார். அவருடைய கணவர் ஒரகடத்தில் வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்டு முறையில் பணிபுரிகிறார். மகன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். மாலையில் எங்களிடம் ஓத வருபவன். மடிக்கணினியோ, அவனுடைய அக்காவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அரசு வழங்கியது.

மறுநாள் மஃரிபுக்குப் பின், கண்டிக்கும் எண்ணத்துடனேயே அவனை அழைத்து, "அதைக் கொண்டு வந்து காட்டு" என்றேன். காட்டினான். அரை மணி நேரம் அவன் விளக்க, நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அரை மணி நேரத்தில் பாடம் பெற்றவன் நானே என்பதை மறைப்பதற்கில்லை.

அந்த விளையாட்டின் பெயர் ஃபுட்பால் மேனேஜர். இங்கிலாந்தைச் சேர்ந்த பால் கோலியர், ஆலிவர் கோலியர் என்னும் சகோதரர்கள் இருவர் 1992ஆம் ஆண்டில் 'சாம்பியன்ஷிப் மேனேஜர்' என்ற பெயரில் தொடங்கிய கணினி விளையாட்டின் வழித்தோன்றல் அது. 2004 முதல் இப்பெயரில் வெளிவருகிறது. இதில் நாம் பந்தை உதைப்பதில்லை. ஒரு கால்பந்துக் கழகத்தின் மேலாளராக அமர்ந்து, வீரர்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சியளித்து, களத்தில் இறக்கி, பலனை எதிர்பார்த்திருக்க வேண்டும். வீரர்களைப் பற்றி இவ்விளையாட்டினர் திரட்டி வைத்திருக்கும் தகவல்கள் விரிவானவை. இங்கிலாந்தின் எவர்ட்டன் கழகமே வீரர்களைத் தேடுவதற்கு அத்தகவல் தொகுப்பைப் பயன்படுத்த 2008ஆம் ஆண்டில் ஒப்பந்தம் செய்துகொண்டது.

ஒவ்வொரு வீரனுக்கும் பந்தைக் கடத்தல், எய்தல், ஓட்ட வேகம், உடல் வலு, மன உறுதி, கவனம் என முப்பதுக்கும் மேற்பட்ட பண்புகள் குறிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 20 வரை ஓர் எண். பதினாறு வயதில் கழகத்துக்கு வரும் சிறுவனிடம் 6, 7, 9 என்றே எண்கள் இருக்கும். அவற்றை 14, 15 என்று உயர்த்துவதே மேலாளரின் திறமை. எப்படி உயர்த்துவது? இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"முதல்ல எனக்கும் தெரியல ஹஜ்ரத்" என்றான் பையன். "எல்லாச் சின்னப் பசங்களுக்கும் ரெண்டு மடங்கு பயிற்சி போட்டேன். வேகம், வலு எல்லாம் சீக்கிரம் ஏறட்டும்னு. பாதிப் பேர் அடிபட்டுப் படுத்துட்டாங்க. மீதிப் பேர் களைச்சுப் போயிட்டாங்க. எண் ஏறவே இல்லை."

பிறகு அவன் கண்டுகொண்டவை இவை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உயர்த்த முயலாமல், அந்த வீரன் ஆடும் இடத்துக்குத் தேவையான ஒன்றிரண்டு பண்புகளைத் தேர்ந்து பயிற்சியளிக்க வேண்டும். களைத்தவனுக்குப் பயிற்சியின் கடுமையைக் குறைத்து ஓய்வு தர வேண்டும். பதினெட்டு வயதை ஒட்டிய பருவத்திலிருந்து பயிற்சி மட்டும் போதாது. உண்மையான ஆட்டங்களில் ஆட வாய்ப்புக் கிடைத்தால்தான் வளர்ச்சி தொடரும். பெரிய அணியில் இடமில்லையென்றால் சிறிய கழகம் ஒன்றுக்கு இரவலாக அனுப்பியேனும் ஆடவிட வேண்டும். நல்லொழுக்கமும் உழைப்பும் உள்ள மூத்த வீரர்களின் குழுவில் இளையவனைச் சேர்த்துவிட்டால், அவர்களுடைய குணம் மெல்ல மெல்ல இவனிடமும் படியும். உடல் சார்ந்த பண்புகள் இளமையில் ஏறி, முப்பதைக் கடந்தபின் இறங்கும். மனம் சார்ந்தவையோ முப்பதுக்குப் பிறகும் வளரக்கூடும்.

இவை அனைத்தையும்விட முக்கியமான செய்தி ஒன்றுண்டு. ஒரு சிறுவன் எந்த உயரம் வரை வளரக்கூடும் என்பதற்கும் ஓர் எண் உண்டு. ஆனால் அந்த எண் மேலாளரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. இளம் வீரர்கள் பலருக்கு அது திட்டவட்டமாகக் கூட இராது. ஒவ்வொரு முறை ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்கும்போதும் ஒரு வரம்புக்குள் மாறி அமையும். பயிற்சியாளர்கள் கூறுவது ஊகமே. உழைப்பில் எவ்வளவு ஈடுபாடு உள்ளவன் என்ற குணத்தின் அளவும் மறைக்கப்பட்டே இருக்கிறது. மனிதர்கள் எழுதிய கணக்கே இந்த அளவுக்கு அடக்கம் காட்டுகிறது!

சில நாள்களுக்குப் பின் பையனின் அத்தா வந்தார். விளையாட்டைப் பற்றி அவரிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே, "எங்க லைன்ல தொங்குற போர்டும் இதேதான் ஹஜ்ரத்" என்றார்.

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் காரும், 2010இல் ஒரகடத்தில் நிசான் காரும் உருவாகத் தொடங்கிய பின் நம் வட்டாரமே தொழிற்சாலைகளின் வட்டாரமாகிவிட்டது. வாகனத் தொழிற்சாலைகளில் உற்பத்தி வரிசைக்கருகே 'ஸ்கில் மேட்ரிக்ஸ்' என்றொரு பலகை தொங்குவது வழக்கம். இடப்பக்கம் தொழிலாளர்களின் பெயர்கள். மேலே வேலைகளின் பெயர்கள். நடுவே நான்காகப் பகுக்கப்பட்ட சிறுவட்டங்கள். வேலையைக் கற்றுக்கொண்டிருப்பவனுக்குக் கால் வட்டம் நிரப்பப்படும். மேற்பார்வையில் செய்பவனுக்கு அரை வட்டம். தனித்துச் செய்பவனுக்கு முக்கால் வட்டம். பிறருக்குக் கற்றுக் கொடுக்க வல்லவனுக்கே முழு வட்டம்.

"ஒரு வேலையில எனக்கு முழு வட்டம். மத்ததுல எட்டு வருஷமா கால் வட்டம்தான்" என்றார் அவர். "திறமை இல்லாம இல்ல ஹஜ்ரத். வேற இடத்துல நிக்க விட்டாத்தானே கத்துக்க முடியும்?"

அந்த வார்த்தை என் நெஞ்சில் தைத்தது. ஏனெனில் அவருடைய மகனுக்கு நான் செய்திருந்ததும் அதுவே. இரண்டாண்டுகளுக்கு முன் என் குறிப்பேட்டில் அவன் பெயருக்கு எதிரே 'மந்தம்' என்று எழுதியிருந்தேன். எழுதியதோடு நிற்கவில்லை. அவனைக் கடைசி வரிசையில் அமர்த்தினேன். ஓதிக் காட்டும் முறை அவனுக்கு வாரம் ஒருமுறை வந்தாலே அதிகம். நன்றாக ஓதும் மாணவன் எவனையும் அவனுக்குத் துணையாக வைக்கவில்லை. இரண்டாண்டுகள் கழித்து அவன் அதே நிலையில் இருப்பதைக் கண்டு, 'நான் அன்றே சொன்னேன்' என்று திருப்தியும் அடைந்தேன். எண்ணை எழுதியவன் நான். அது உயர்வதற்கான வழிகளை அடைத்தவன் நான். உயராததைச் சான்றாகக் காட்டியவனும் நானே.

நம்மைப்போல் அவசரப்பட்டவர்கள் உலகெங்கும் உண்டு. இங்கிலாந்தின் ஜேமி வார்டியைப் பதினாறு வயதில், உயரம் போதாதென்று ஷெஃபீல்டு வெட்னஸ்டே கழகம் அனுப்பிவிட்டது. அவர் முறிந்த கை கால்களுக்கான பட்டைகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே சிறு கழகத்தில் ஆடினார். 2012இல், இருபத்தைந்து வயதில், லெஸ்டர் சிட்டிக்கு வந்தார். 2016இல் அந்த அணி இங்கிலாந்தின் சாம்பியன் ஆனது. மறுபுறம், இதே மேலாளர் விளையாட்டின் 2001-02 பதிப்பில் ஈடிணையற்ற வீரராக விளங்கியவர் செர்னோ சாம்பா என்னும் சிறுவர். வாழ்க்கையில் அவர் சிறு கழகங்கள் பலவற்றில் ஆடினார். காம்பியா நாட்டு அணியிலும் இடம்பெற்றார். ஆனால் கணினி சொன்ன உயரத்தை எட்டவில்லை. பெரியவர்கள் போட்ட எண் ஒருவரிடம் குறைந்தும் மற்றவரிடம் மிகுந்தும் பிழையாயிற்று.

தூரம் போவானேன்? நம் சென்னையின் வியாசர்பாடியைப் பாருங்கள். குற்றச் செய்திகளாலேயே பெயர்பெற்றிருந்த அந்தப் பகுதியில், 1990களின் பிற்பகுதியிலிருந்து உள்ளூர் இளைஞர்களே பிள்ளைகளைத் திரட்டிக் கால்பந்தும் படிப்பும் ஒருசேரக் கற்பித்து வருகிறார்கள். அந்த மண்ணிலிருந்து வந்த தன்பால் கணேஷ், 2018இல் இந்தியன் சூப்பர் லீக் பட்டம் வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் இடம்பெற்றிருந்தார். பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். மதுரையின் சேது எஃப்.சி. 2019இல் இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்றது. களமும், துணையும், ஆட வாய்ப்பும் கொடுத்தார்கள். எண் தானே உயர்ந்தது.

இப்போது நான் என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள். அந்தப் பையனை முன்வரிசைக்குக் கொண்டுவந்தேன். ஒரு பக்கம் என்றிருந்த பாடத்தை ஐந்து வரியாகக் குறைத்தேன். அவனைவிட ஒரு வயது மூத்த, பொறுமையுள்ள மாணவனை அருகில் அமர்த்தினேன். நாள்தோறும் அவன் ஓதிக் காட்ட வேண்டும். அற்புதம் ஒன்றும் நிகழ்ந்துவிடவில்லை. முன்பு இரண்டாவது வரியில் நின்றுவிடுவான். இப்போது ஐந்தையும் தடையின்றி முடிக்கிறான். நேற்று ஆறாவது வரியைத் தானாகவே தொடங்கினான்.

மடிக்கணினியை முழுதாகத் தடை செய்யும்படி நான் கூறவில்லை. வாரத்தில் இரண்டு மாலைகள், ஒன்பது மணியுடன் நிறுத்தம் என்று மூவரும் பேசி ஒப்புக்கொண்டோம். உறக்கமின்றி வளரும் வீரன் அந்த விளையாட்டிலேயே இல்லை என்றபோது, பையனால் மறுத்துப் பேச முடியவில்லை. ஞாயிறு காலையில் ஏரிக்கரையில் உண்மையான பந்தை உதைக்கவும் போகிறான். திரையில் உள்ளவனின் கால் வலுப்பெற்று, இவனுடைய கால் வலுவிழந்தால் என்ன பயன்?

பெற்றோர்களே! நம் பிள்ளைகளுக்கு நாமும் நாள்தோறும் எண் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். 'இவன் கணக்கில் பூஜ்யம்', 'இவளுக்குப் பேசவே வராது' என்று விருந்தினர் முன்னிலையில் அறிவிக்கிறோம். அப்படிச் சொல்லுமுன் நம்மையே சில கேள்விகள் கேட்டுக்கொள்வோம். பிள்ளைக்கு ஒரே நேரத்தில் எத்தனை சுமை ஏற்றியிருக்கிறோம்? ஓய்வு கொடுத்தோமா? கற்றதைச் செய்து பார்க்க வாய்ப்புக் கொடுத்தோமா? யாருடன் அமர வைத்தோம்? அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமல், சென்ற மாதம் இருந்த அதே பிள்ளையோடு ஒப்பிட்டோமா?

என் குறிப்பேட்டில் அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். அதனிடத்தில் வேறு சொல் எதையும் எழுதவில்லை. தேதியையும் அன்று ஓதிய வரிகளின் எண்ணிக்கையையும் மட்டும் எழுதி வருகிறேன். உங்கள் வீட்டுக் குறிப்பேட்டையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.