இல்லம் பேணுவோம்: நிலைக்கால் இற்றுப் போனால்...

வேல மரங்கள் அடர்ந்த காடாக இருந்தமையால் திருவேற்காடு எனப் பெயர் பெற்றதாகச் சொல்லப்படும் ஊரில், மரத்தைப் பற்றியே எங்களுக்கு ஒரு படிப்பினை கிடைத்தது.

அவ்வூரில் உள்ள எங்கள் உறவினர் இல்லத்தில், வயது முதிர்ந்த பெரியம்மா ஃபஜ்ருக்கு ஒளூச் செய்யக் குளியலறைப் படியில் கால் வைத்தார். வழக்கம்போல் கதவைப் பற்றிக்கொண்டார். கீழ்க்கீல் திருகாணிகளோடு பெயர்ந்து வந்தது, கதவு சாய்ந்தது. அல்ஹம்துலில்லாஹ், மருமகள் அருகில் நின்றதால் அடிபடாமல் தப்பினார். விடிந்ததும் பார்த்தோம். பெருநாளுக்கு முன் பூசிய பெயின்ட் பளபளவென்றே இருந்தது. உள்ளே மரம் தேநீரில் ஊறிய ரஸ்க் போல் உதிர்ந்தது.

சகோதரிகளே! மரத்தை அழிப்பது அதன் வயது அன்று, ஈரமே. மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 20 சதவிகிதத்தைத் தாண்டி நீடித்தால், பூஞ்சை அதனைத் தின்னத் தொடங்குகிறது. நிலைக்காலின் அடிமுனை நீரை விரைவாக உறிஞ்சும். ஆகவேதான் குளியலறை நிலை அடியிலிருந்து இற்றுப்போகிறது. 2015 டிசம்பர் பெருமழையிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னைப் புறநகர்களில் பல வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அத்தகைய இல்லங்களில் சுவர் காய்ந்த பின்னரும் நிலைக்குள் ஈரம் தங்கியிருக்கும். அதன்மீது பெயின்ட் பூசுவது ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதாகும்.

நிலைகளின் அடிப்பகுதியையும், ஜன்னல் சட்டத்தின் கீழ் மூலைகளையும் ஸ்குரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் மரம் இற்றிருக்கிறது. மண் கோடுகள் தென்பட்டால் அது கறையான். அதற்குத் தனி மருந்து வேண்டும்.

முதலில் நீர் வரும் வழியை அடையுங்கள். ஒளூச் செய்யும் குழாயின் தெறிப்பு, டைல்ஸ் இடுக்கு, உட்புறம் சரிந்த ஜன்னல் திண்டு, ஒழுகும் சன்ஷேடு ஆகியவற்றைச் சரிசெய்யாமல் மரத்தில் கை வைப்பது வீண் விரயம். பழுது பார்க்கத் தை முதல் பங்குனி வரையிலான உலர்ந்த மாதங்களே உகந்தவை.

பின்னர், இற்ற பகுதியை உளியால் கெட்டியான மரம் தெரியும்வரை செதுக்கி எடுத்து, இரண்டு மூன்று வாரம் காயவிடுங்கள். பள்ளம் ஆழமற்றதாயின், வெண்காரமும் போரிக் அமிலமும் வெந்நீரில் கரைத்துத் தூரிகையால் தடவி, மீண்டும் நன்கு உலர்ந்தபின் எபாக்ஸி மக்கு வைத்து நிரப்புங்கள். இறுகியதும் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமரும் இருமுறை எனாமலும் பூசுங்கள். சிமெண்ட் வைத்து அடைக்க வேண்டா. அது ஈரத்தை உறிஞ்சி மரத்துக்கே ஊட்டும்.

கால் முழுவதும் இற்றிருந்தாலோ, கீல் இருக்கும் இடம் கெட்டிருந்தாலோ ஆசாரியை அழையுங்கள். அப்போதும் முழு நிலையையும் மாற்ற வேண்டியதில்லை. கதவைக் கழற்றிவிட்டு, இற்ற பகுதிக்கு இரண்டு அங்குலம் மேலே சாய்வாக அறுத்து, நன்கு காய்ந்த புதுத் துண்டைப் பசையும் துருப்பிடிக்காத திருகாணியும் கொண்டு இணைக்கச் சொல்லுங்கள். அடிமுனைக்கும் பெயின்ட் பூசி, தரையில் படாதவாறு கருங்கல் துண்டின்மீது நிறுத்துவது நலம். சுவரின் பாரத்தைத் தாங்கும் பழங்கால நிலைகளை மட்டும் தகுந்த முட்டுக் கொடுக்காமல் அறுக்கலாகாது.

ஓர் எச்சரிக்கை. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் மிகுந்திருக்கலாம். ஆகவே நனைத்துத் தேயுங்கள், முகக்கவசம் அணியுங்கள். குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அவ்விடத்தில் இருக்க வேண்டா.

பெரியம்மாவின் வீட்டில் இப்போது புதுக்கால் பொருத்தியாயிற்று. குழாயும் இடம் மாறிவிட்டது. அடுத்த பெருநாளுக்குப் பெயின்ட் டப்பாவைத் திறக்குமுன், உங்கள் வீட்டு முதியவர்கள் கை ஊன்றும் நிலைகளை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.