கொடுத்தார்களாம் அரசியல் சட்டம்!

சென்ற வாரம் ஒரு தொலைக்காட்சி விவாதம். மேற்கு ஆப்பிரிக்காவில் ராணுவம் ஏன் அடிக்கடி ஆட்சியைப் பிடிக்கிறது என்பது தலைப்பு. மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் என்று 2020-க்குப் பிறகு நடந்த கவிழ்ப்புகளை ஒப்பித்துவிட்டு, ஓய்வுபெற்ற உயர் அதிகாரி ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இங்கிலீஷ்காரன் படிப்படியா அவங்களைப் பழக்கி, அரசியல் சட்டம் எழுதிக் கொடுத்து, தேர்தல் நடத்திக் காட்டிட்டுப் போனான். இன்னும் முப்பது வருஷம் இருந்திருந்தா உருப்பட்டிருப்பாங்க" என்றார். நெறியாளர் தலையாட்டினார். எதிரணியில் உட்கார்ந்திருந்தவரும் தலையாட்டினார்.

அவர் அடுக்கிய மூன்று நாடுகளும் பிரெஞ்சுக்காரன் ஆண்டவை. அதை விடுவோம், விவாதத்தில் வரைபடம் பார்ப்பது வழக்கமில்லை. அந்தப் 'படிப்படியா'வுக்கு வருவோம்.

1871 அக்டோபரில், இன்றைய கானாவின் கடலோரத்தை ஒட்டிய மன்கெசிம் என்ற ஊரில் ஃபாண்டி இன மன்னர்களும் தலைவர்களும் படித்தவர்களும் கூடினார்கள். சில ஆண்டுகளுக்கு முன்புதான் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் தங்கள் கோட்டைகளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். கோட்டையைச் சுற்றி வாழ்ந்தவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வடக்கே அசாந்தி அரசின் மிரட்டல் வேறு. இனி நம்மை நாமே பார்த்துக்கொள்வோம் என்று அவர்கள் தங்கள் கூட்டமைப்புக்கு ஓர் அரசியல் சட்டம் எழுதினார்கள். ஆங்கிலத்திலேயே எழுதினார்கள். மொத்தம் 47 பிரிவுகள்.

அதில் என்ன இருந்தது? தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர். ஒவ்வொரு பகுதியிலிருந்தும் இரண்டு பேர் வரும் பிரதிநிதிகள் சபை. அந்த இருவரில் ஒருவர் ஊர்த் தலைவர், இன்னொருவர் படித்தவர். ஊர்களை இணைத்துக் கடற்கரை வரை சாலை போட வேண்டும், அகலம் 15 அடி, இருபுறமும் ஆழமான வடிகால். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், அதோடு சேர்த்துத் தச்சும் கொத்துவேலையும் கொல்லுவேலையும் கற்றுத்தரும் பயிற்சி. பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி. சாலைக்கு வடிகால் வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தவர்களுக்கு ஆளத் தெரியாதாம். நம் ஊரில் மழை பெய்த மறுநாள் வெளியே போய்வருகிறவர்கள் அந்த வடிகாலைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு பொறுப்பாளர்கள் கேப் கோஸ்ட் போனார்கள். அங்கே பிரிட்டிஷாரின் பொறுப்பு நிர்வாகியாக இருந்தவர் சால்மன் என்ற அதிகாரி. சட்டத்தை வாங்கிப் பார்த்தார், கொண்டுவந்தவர்களைப் பிடித்து உள்ளே போட்டார். குற்றம்: ராஜத்துரோகம். பிறகு மேலிடம் தலையிட்டு அவர்களை விடுவித்தது உண்மைதான். ஆனால் கூட்டமைப்பு அதோடு முதுகெலும்பு முறிந்து, 1873-க்குள் காணாமல் போனது. 1874-இல் அந்தக் கடற்கரை முழுவதும் 'கோல்டு கோஸ்ட்' என்ற முடியாட்சிக் காலனி ஆனது.

இதில் பெரிய வேடிக்கை வேறொன்று. 1865-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று, மேற்கு ஆப்பிரிக்க மக்களைத் தன்னாட்சிக்குத் தயார்படுத்திவிட்டு, சியரா லியோன் தவிர மற்ற இடங்களிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்திருந்தது. மன்கெசிம்காரர்கள் அதை நம்பிவிட்டார்கள், பாவம். தயாராகி, எழுதி, கையில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தயாரானதுதான் குற்றமாகப் போயிற்று.

படிப்படியாவாம்.

இதற்குப் பிறகு வந்த படிகளையும் பார்த்துவிடுவோம். 1920 மார்ச்சில் அக்ராவில் பிரிட்டிஷ் மேற்கு ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் கூடியது. கேஸ்லி ஹேஃபோர்டு போன்ற வழக்கறிஞர்கள் முன்னின்றார்கள். நான்கு காலனிகளின் பிரதிநிதிகள் சேர்ந்து, சட்டசபையில் பாதிப் பேரையாவது தேர்தலில் அனுப்பவிடுங்கள், ஒரு பல்கலைக்கழகம் கொடுங்கள் என்று லண்டன் வரை மனுவோடு போனார்கள். வெறுங்கையோடு திரும்பினார்கள். நைஜீரிய ஆளுநர் ஹியூ கிளிஃபோர்டு, இவர்கள் தங்களைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்ட படித்த கூட்டம், உண்மையான ஆப்பிரிக்கா ஊர்த் தலைவர்களிடம்தான் இருக்கிறது என்று நையாண்டி செய்தார். ஊர்த் தலைவரையும் படித்தவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்த மன்கெசிம் சட்டத்தை என்ன செய்தீர்கள் ஐயா என்று அவரைக் கேட்க ஆளில்லை.

1922-இல் அதே கிளிஃபோர்டு நைஜீரியாவுக்கு ஓர் அரசியல் சட்டம் அருளினார். 46 பேர் கொண்ட சபையில் தேர்தலில் வந்தவர்கள் 4 பேர். லாகோஸுக்கு 3, காலபாருக்கு 1. வாக்குரிமை, ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானமுள்ள ஆண்களுக்கு மட்டும். வடக்கு நைஜீரியாவுக்கு அந்தச் சபை சட்டமே இயற்ற முடியாது, அங்கே ஆளுநரின் ஆணைதான் சட்டம். இப்படி அருளப்பட்ட சட்டங்களின் பெயர்களையும் கவனியுங்கள். கிளிஃபோர்டு அரசியல் சட்டம், கக்கிஸ்பெர்க் அரசியல் சட்டம், பர்ன்ஸ் அரசியல் சட்டம், ரிச்சர்ட்ஸ் அரசியல் சட்டம். அத்தனையும் ஆளுநர்களின் பெயர்கள். பேருந்து நிறுத்தத்தில் தன் பெயரைப் பொறித்துக்கொள்ளும் நம் வார்டு கவுன்சிலரைக் கிண்டல் செய்கிறோம். ஒரு தேசத்தின் சட்டத்தில் பெயரைப் பொறித்துக்கொண்டவர்களைப் பாடப்புத்தகத்தில் போட்டு மனப்பாடம் செய்கிறோம்.

ஊர்த் தலைவர்கள்மீதாவது மரியாதை இருந்ததா? கிழக்கு நைஜீரியாவின் இக்போ மக்களிடம் பெரும்பாலும் மன்னர்களே கிடையாது, ஊர் கூடித்தான் முடிவெடுக்கும். தலைவர் இல்லாவிட்டால் என்ன, செய்துவிட்டால் போயிற்று என்று தங்களுக்குத் தோதான ஆட்களுக்கு ஆணைச்சீட்டு கொடுத்துத் தலைவர்களாக்கினார்கள். 1929 நவம்பரில் ஒலோகோ என்ற ஊரில், பனை எண்ணெய் பிழிந்துகொண்டிருந்த ந்வான்யெருவா என்ற பெண்ணிடம் அப்படிப்பட்ட தலைவர் ஒருவர் அனுப்பிய ஆள் வந்து, வீட்டில் ஆள் எத்தனை, ஆடு எத்தனை என்று கணக்குக் கேட்டான். வரி வரப்போகிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. உன் அம்மாவை எண்ணிவிட்டாயா என்று திருப்பிக் கேட்டார். சில வாரங்களில் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் 50-க்கும் மேற்பட்ட பெண்கள் செத்தார்கள். இதுவும் அந்தப் பயிற்சியில் ஒரு பாடம் போலும்.

ரயில் போட்டானே என்பார்கள். போட்டான். கோல்டு கோஸ்டில், செகொண்டியில் தொடங்கி 1901-இல் டார்குவா போய்ச் சேர்ந்தது. டார்குவாவில் என்ன இருக்கிறது? தங்கச் சுரங்கம்.

கோல்டு கோஸ்டின் அக்ரா, 1948 பிப்ரவரி 28. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்காகச் சண்டை போட்டுத் திரும்பிய சிப்பாய்கள், சொன்னபடி உதவித்தொகை வரவில்லை என்று ஆளுநர் மாளிகைக்கு மனு கொண்டுபோனார்கள். ஆயுதம் இல்லை. கிறிஸ்டியன்ஸ்போர்க் நாற்சந்தியில் இம்ரே என்ற போலீஸ் அதிகாரி தானே துப்பாக்கியை வாங்கிச் சுட்டார். மூன்று பேர் அங்கேயே விழுந்தார்கள். அக்ரா பற்றி எரிந்தது. அதன் பிறகுதான் விசாரணைக் குழு வந்தது, புதிய சட்டத்துக்கான கமிட்டி வந்தது. 1951 பிப்ரவரித் தேர்தலில், பின்னாளில் கானாவை ஆண்ட நிக்ரூமா சிறைக்குள் இருந்தபடியே அக்ராவில் 23,122 வாக்குகளில் 22,780 வாங்கினார். கதவைத் திறந்துவிட்டார்கள், வேறு வழி? மன்கெசிமிலிருந்து காகிதத்தோடு வந்தவர்களுக்குச் சிறை, அக்ராவில் காகிதத்தோடு வந்தவர்களுக்குக் குண்டு. அந்த 80 ஆண்டுகளில் ஏறிய படி இதுதான்.

நிக்ரூமா பிறகு என்ன ஆனார் என்று கேட்பீர்கள். தெரியும். 1958-இல் தடுப்புக்காவல் சட்டம், 1964-இல் ஒரே கட்சி ஆட்சி, 1966-இல் ராணுவம் அவரையே தூக்கி எறிந்தது. யோக்கியம் என்று சொல்லவில்லை. ஆனால் 1948 கலவரத்தையடுத்து நிக்ரூமாவையும் சக தலைவர் டான்குவாவையும் இன்னும் நால்வரையும் விசாரணையே இல்லாமல் பிடித்து வடக்கே கடத்தியது யார்? பிரிட்டிஷ் ஆளுநர். அதே டான்குவாவை விசாரணை இல்லாமல் அடைத்தார் நிக்ரூமா. 1965-இல் டான்குவா சிறையிலேயே செத்தார். வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனதாக யாராவது அடித்துச் சொன்னால், இந்த ஒன்றை மட்டும் நான் மறுக்க மாட்டேன்.

பிரெஞ்சுக்காரனின் கதை தனிக் கட்டுரைக்கு உரியது. பிரான்ஸோடு தொடர்வதா என்று 1958 செப்டம்பரில் நடந்த வாக்கெடுப்பில் கினி மட்டும் 'வேண்டாம்' என்றது. போகிற போக்கில் பிரெஞ்சுக்காரர்கள் அங்கிருந்த தொலைபேசிகளைக்கூடப் பிடுங்கிக்கொண்டு போனார்கள்.

போட்டித் தேர்வு வழிகாட்டி போடுகிறவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை. உலக வரலாற்றுப் பகுதியில் பிரிட்டன் ஆப்பிரிக்கக் காலனிகளைத் தன்னாட்சிக்குப் பழக்கியது என்று ஒரு வரி வைத்திருக்கிறீர்கள். வருகிற பதிப்பில் அதன் கீழே கேள்வி ஒன்றைச் சேருங்கள்: 1871-இல் மன்கெசிமில் எழுதப்பட்ட அரசியல் சட்டத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? நான்கு விடைகளில் மூன்றை உங்கள் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.